முருங்கை குடித்த பால்

மரம் பேசும், ஆடு பேசும், கல்கூட மனது வைத்தால் இரண்டு வார்த்தை சொல்லும். அப்படி இருந்த அந்தக் காலத்தில் முருங்கை இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை.

இன்றைக்கு முருங்கையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தாலே கிளை ஆடிப்போகிறது. "ஏறாதே, ஒடிந்துவிடும்" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். அன்று அது இரும்பு மரம். கோடரியால் வெட்டினால் கோடரிதான் மழுங்கும். இலை தோலைப்போல் தடித்திருக்கும். நாக்கில் வைத்தால் அப்படிக் கசக்கும். பூ கிடையாது, காய் கிடையாது. யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை, யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதில் அதற்கு ஏகப் பெருமை.

"பூவரசு ஒரு காத்துக்கு அழுதுருவான். வாழையைச் சொல்லவே வேண்டாம். என்னை ஒடிக்கிற காத்து இன்னும் பொறக்கலை" என்று அக்கம்பக்கத்து மரங்களிடம் சொல்லிக்கொண்டு நிற்கும். அவை பதில் பேசாது. பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருக்கும்.

முருங்கை நின்ற இடம் ஆடு மேய்க்கிறவர்களின் ஊர். ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. செம்மண் மேட்டில் கொஞ்சம் குடிசைகள், ஒரு கிணறு, சுற்றிலும் முள்ளுக்காடு. ஆண்கள் வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார்கள். மந்தையை ஓட்டிக்கொண்டுபோய் வெளியூர் வயல்களில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டுவிட்டு, மழை முடிந்துதான் திரும்புவார்கள். ஊரில் பெண்களும் பிள்ளைகளும் நடக்கமாட்டாத ஆடுகளும் இருப்பார்கள்.

அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். மாயழகு என்று பெயர் வைத்தார்கள். குப்புற விழக்கூட அவன் இன்னும் பழகவில்லை. ஐப்பசி மழையில் குளிர்காய்ச்சல் வந்து இறந்துபோனான்.

சடைச்சியின் புருஷன் காத்தானுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தான், குழி வெட்டினான், பிள்ளையைப் புதைத்தான். ஆடுகள் காத்திருக்காது என்பதால் மறுபடியும் கிடைக்குப் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. போகிற வழியெல்லாம் அழுதுகொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிள்ளை போனது சடைச்சியின் மார்புக்குத் தெரியவில்லை. நேரம் தவறாமல் பால் சுரந்தது. குடிக்க வாய் இல்லாததால் கட்டிக்கொண்டு கல்லாகிப் போனது. காய்ச்சல் வந்தது. கையைத் தூக்க முடியவில்லை. பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "பீச்சிவிட்டுரு, சடைச்சி. ஆனா பிள்ளைப்பாலு மிதிபடக் கூடாது. கால் படாத இடமாப் பார்த்து ஊத்து" என்றார்கள்.

கால் படாத இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. முருங்கைமரத்தடி. நிழலும் இல்லை, காயும் இல்லை, அங்கே யார் போகப்போகிறார்கள்? சடைச்சி ஒரு கொட்டாங்கச்சியில் பாலைப் பீச்சி எடுத்துக்கொண்டு போய் அதன் வேரில் ஊற்றினாள்.

"இந்தாம்மா, என்ன இது என் காலடியில?" என்றது மரம்.

"பாலு."

"எனக்கு எதுக்கு? நான் யார்கிட்டயும் எதையும் வாங்குறதில்லை."

"உனக்குன்னு கொண்டாரலை. வேற இடம் இல்லாமத்தான் வந்தேன்."

"அப்ப இது யாருக்கு உள்ளது?"

"எம் பிள்ளைக்கு."

"அவனுக்கே கொடுக்க வேண்டியதுதானே?"

முள்ளுக்காட்டின் ஓரத்தில் ஈரம் காயாத சின்ன மண்மேடு ஒன்று இருந்தது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மரமும் பார்த்தது. அதற்கு மேல் அது வாயைத் திறக்கவில்லை. அதுவரை எல்லோரிடமும் எதையாவது சொல்லிக்கொண்டிருந்த மரம் அது.

ஊரார்தான் பேசினார்கள். "இன்னொண்ணு பொறக்காமயா போயிரும்" என்றார்கள். "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்றார்கள். "நல்ல பிள்ளையைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிடும்" என்று ஒருத்தி சொன்னாள். சொன்னவளுக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் நல்ல பிள்ளைகள்தான், நன்றாகத்தான் இருந்தன. சடைச்சிக்கு அதையெல்லாம் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. பேசாத இடமாக இருந்ததால்தான் அவள் அந்த மரத்தடிக்குத் திரும்பத் திரும்பப் போனாள். காலையில் போவாள், பொழுது சாயப் போவாள். ஊற்றுவாள். கொஞ்சம் உட்கார்ந்திருப்பாள். வந்துவிடுவாள்.

பிறகு பெண்கள் காட்டுமல்லிகையைப் பறித்து வந்து, பால் வற்றட்டும் என்று அவள் மார்பில் வைத்துக் கட்டினார்கள். பூ வாட வாட வலி குறைந்தது. பாலும் வற்றிக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிட்டது. அன்று சடைச்சி அழுததுபோல், பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அழவில்லை. அவனுக்கென்று வந்ததில் அவளிடம் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதுவும் போய்விட்டது.

கடைசியாக ஒருமுறை மரத்தடிக்குப் போனாள். கையில் கொட்டாங்கச்சி இல்லை.

"இனிமே வர மாட்டேன். ஊத்த ஒண்ணும் இல்லை" என்றாள்.

"சும்மா வா" என்றது மரம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளை பெறுகிற வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் எதிரே வரக்கூடாது. அவள் கண் பட்டால் அவளுக்கு வந்தது அவர்களுக்கும் வரும் என்று பயம். யார் முதலில் சொன்னார்களோ, எந்த வயிற்றெரிச்சலில் சொன்னார்களோ தெரியாது. அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆனால் ஊர் முழுக்க அதை நம்பியது, சடைச்சியும் நம்பினாள். போன வருஷம்வரை அவளும் அப்படி ஒருத்தியைக் கண்டு ஒதுங்கிப் போனவள்தான்.

சடைச்சியின் பக்கத்துக் குடிசை மாரக்காள் என்பவளுடையது. மாரக்காளின் மகள் குருவம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து சடைச்சியும் அவளும் நுனியில் கொக்கி கட்டிய ஒரே துரட்டியில் தழை இழுத்து ஆடு மேய்த்தவர்கள். குருவம்மாளுக்கு வளையல் போட்ட அன்று ஊரில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். சடைச்சியை மட்டும் கூப்பிடவில்லை. அவள் தன் குடிசையில் கதவைச் சாத்திக்கொண்டு, வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரக்காள் கெட்டவள் இல்லை. பயந்தவள், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் அவள் செய்தது மட்டும் கெட்டதாக இருந்தது.

கார்த்திகையில் புயல் அடித்தது. கூரைகள் பறந்தன. வளைந்து கொடுத்த மரங்கள் எல்லாம் வளைந்து தப்பித்தன. முருங்கைக்கு வளையத் தெரியாது. காற்று அதை ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெரிய கிளை ஒன்று அடியோடு முறிந்து விழுந்தது. மரம் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

மறுநாள் ஊரார் தூர நின்று பார்த்தார்கள். முறிந்த மரத்துப் பக்கமும் யாரும் போகவில்லை. முறிந்ததோடு சேர்ந்தால் முறிவு வரும் என்று அதற்கும் ஒரு பயம்.

சடைச்சி அப்போது புயலில் கரைந்த தன் வீட்டுத் தரையை மெழுகிக்கொண்டிருந்தாள். கை நிறையச் சாணி இருந்தது. அப்படியே எழுந்து மரத்திடம் போனாள். முறிந்த இடம் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. உள்ளே வெள்ளையாக, நார் நாராகப் பிய்ந்து, மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"வலிக்குதா?" என்றாள்.

"இதுக்குப் பேருதான் வலியா?" என்றது மரம். "இது இருக்கும்போது எப்படித் தூங்குறது?"

"தூக்கம் வராது."

"சரியாயிரும்னு சொல்ல மாட்டியா? எல்லாரும் அப்படித்தானே உன்கிட்டச் சொன்னாங்க?"

"எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்ல? தண்ணி இறங்கினா உள்ளுக்குள்ள அழுகிரும். அதை வேணா தடுக்கலாம்."

தேங்கிய தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். சாணியை எடுத்துக் காயத்தின்மேல் வைத்து, ஓரம் விடாமல் அப்பி மூடினாள். மரம் அசையாமல் நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரிடம் ஒன்றை வாங்கிக்கொண்டது. மாயழகின் பாலை அது வாங்கிக்கொண்டதாக நினைத்திருக்கவில்லை. வந்து விழுந்தது, குடித்தது, அவ்வளவுதான் என்று இருந்தது.

காயம் காய்ந்து வருகையில் அதன் கீழே சின்னச் சின்ன முளைகள் கிளம்பின. மரத்தின் பழைய இலைபோல அவை இல்லை. பச்சைப்பிள்ளையின் நகம் அளவில், மெல்லிசாக, வட்டமாக இருந்தன. தாங்கி நின்ற குச்சிகளும் இளசாக இருந்தன. அவை வேகமாக நீண்டு ஆளுயரத்துக்கு மேலே போய்விட்டன.

"உனக்கு என்ன ஆச்சு?" என்று சடைச்சி கேட்டாள்.

"தெரியலை. எனக்குள்ள என்னமோ இளகிக்கிட்டே வருது. நீ ஊத்தினது எல்லாம் உள்ளேயே ஒரு இடத்துல கிடந்திருக்கு. வெளிய வர வழி இல்லாம இருந்திருக்கு. இப்ப இந்த முறிஞ்ச இடத்துல வந்து முட்டுது."

"பயமா இருக்கா?"

"இருக்கு. பழையபடி கெட்டியா நிக்க முடியலை."

தை பிறக்கிற சமயத்தில் குருவம்மாளுக்கு வலி எடுத்தது. பெண்குழந்தை பிறந்தது. குருவம்மாள் அதன் முகத்தைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், உதிரம் நிற்காமல் இறந்துபோனாள்.

ஊரில் அப்போது கைக்குழந்தைக்காரி வேறு யாரும் இல்லை. மாரக்காள் தன் வெள்ளாட்டின் பாலைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தாள். குழந்தை குடித்தது, குடித்ததைக் கக்கியது. மறுபடியும் கொடுத்தாள், மறுபடியும் கக்கியது. சர்க்கரைத் தண்ணீர் என்று ஊரில் எதுவும் கிடையாது, வெந்நீரை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். குழந்தையின் அழுகை முதலில் ஊருக்கே கேட்டது. பிறகு பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்டது.

பக்கத்து வீடு சடைச்சியுடையது. ஒவ்வொரு அழுகைக்கும் வற்றிப்போன அவள் மார்பு சுருக்கென்று இழுத்தது. ஒன்றும் வரவில்லை, வலி மட்டும் வந்தது. பொறுக்கமுடியாமல் எழுந்து போய் மாரக்காளின் வாசலில் நின்றாள்.

மாரக்காள் நிலைப்படியில் இரண்டு கையையும் நீட்டி மறித்தாள். மகளைப் புதைத்த மண் இன்னும் அவள் சேலையில் இருந்தது.

"வராத, தாயி. உன் கால்ல விழுறேன், உள்ள வராத. ஒண்ணு போயிருச்சு. எனக்கு மிச்சம் இதுதான்."

"அழுகுது, அத்தை."

"அழுதா உசிரோட இருக்குன்னு அர்த்தம். நீ போ."

சடைச்சி திரும்பினாள். எதிர்த்துப் பேசி உள்ளே போனாலும் என்ன கொடுப்பாள்? கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாகப் பால் இருந்தபோது கேட்க ஆளில்லை, கேட்க ஆள் வந்திருக்கும்போது கையில் ஒன்றும் இல்லை. குடிசையில் வந்து விழுந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம் சாமிமேல் வந்தது, ஊர்மேல் வந்தது, மல்லிகைப்பூமேல்கூட வந்தது.

அப்போது மாரக்காளின் வெள்ளாடு வேலியைத் தாண்டிக்கொண்டு வந்தது. வயதான ஆடு. குட்டிபோட்டு, குட்டிகள் பால் மறந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"ஆத்தா, என் பாலு அந்தச் சிறுசுக்குச் சேரலை. என்னால ஆனதைக் குடுத்துப் பார்த்துட்டேன்" என்றது ஆடு.

"நீ என்ன செய்வே, பாவம்."

"அது இல்லை நான் சொல்ல வந்தது. எனக்குப் பாலு எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கலையே. எனக்கு வத்தி எம்புட்டு நாளாச்சு?"

சடைச்சி எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த முறிஞ்ச மரத்தடியில ஒரு கொத்துத் தழை விழுந்து கெடந்துச்சு. ஊர்ல எல்லாரும் போகக் கூடாதுன்னாங்க. ஆடு எந்த ஊர்ப் பேச்சைக் கேட்டுச்சு? தின்னுட்டேன். மறுநாளே மடி கனத்துப்போச்சு."

சடைச்சி ஓடினாள். கூரையில் செருகியிருந்த துரட்டியை யோசிக்காமலே கையோடு எடுத்துக்கொண்டு ஓடினாள். தழை வெட்டப் போகிறவள் துரட்டி இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டாள், அந்தப் பழக்கம்.

மரத்தடியில் போய் நின்று மூச்சு வாங்கினாள். "ஆடு சொல்றது நெசமா?"

"நெசந்தான்" என்றது முருங்கை. "நீ ஊத்தினதுதான் இலையா வந்திருக்கு."

"அப்ப ஏன் என்கிட்டச் சொல்லலை? அந்தப் பச்சமண்ணு அழுகுறது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. எப்படிக் குடுக்குறதுன்னுதான் தெரியலை. எனக்குக் குடுத்துப் பழக்கம் இல்லை."

மரம் வெட்கப்பட்டது. சடைச்சி அண்ணாந்து பார்த்தாள். இளந்தழை எல்லாம் உயரத்தில், நீண்ட கிளையின் நுனியில் இருந்தது.

"வளைஞ்சு குடு. நான் உருவிக்கிறேன்."

"எனக்கு வளையத் தெரியாது. துரட்டியை மாட்டி ஒடி."

சடைச்சியின் கை நின்றுவிட்டது. "மாட்டேன். ஒடிஞ்சப்ப நீ போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. உனக்கு எப்படி வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சதாலதான் உன்னை ஒடிக்கச் சொல்றேன்."

"வேற வழி இருக்கும்."

"இருந்தா சொல்லு. நேரம் ஆகுது."

ஊர்ப்பக்கமிருந்து குழந்தையின் அழுகை வருகிறதா என்று இருவரும் காது கொடுத்தார்கள். காற்றின் சத்தம்தான் கேட்டது. அழுகை கேட்கவில்லை.

மரம் சொன்னது: "புயல் என்னைக் கேக்காம ஒடிச்சுச்சு. அது வேற. இது நானாக் குடுக்குறது. வலி ரெண்டுலயும் இருக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா இதுல நான் அழ மாட்டேன். ஒடி, சடைச்சி. கெட்டியா நின்னு நான் யாரைக் காப்பாத்தினேன்?"

சடைச்சி துரட்டியை உயர்த்திக் கிளையில் மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். பலமாக இழுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். கோடரி மழுங்கிய மரம் அல்லவா? தொட்டதுமே கிளை மளுக்கென்று ஒடிந்து அவள் கைக்கு வந்தது. மரம் தன் பிடியை விட்டிருந்தது. ஒடிந்த இடத்தில் தெளிந்த பிசின் வந்து நின்றது. முன்னால் மரத்துக்குப் பிசின் கிடையாது. சடைச்சி அதைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணீரைப்போல் வெதுவெதுப்பாக இருந்தது.

கீரையை உருவினாள். உப்பைப் போட்டு வதக்கிக் கம்பங்கூழோடு தின்றாள். பாதி கசந்தது. அடுத்த வேளையும் அதையே தின்றாள். அடுத்த நாள் பொழுது இறங்குகிற சமயத்தில் அவளுடைய சேலை மார்பில் நனைந்தது. சடைச்சி அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "மாயழகு" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு எழுந்து மாரக்காள் வீட்டுக்கு நடந்தாள்.

மாரக்காள் பழையபடி நிலைப்படியில் வந்து நின்றாள். கையை நீட்ட அவளுக்குத் தெம்பு இல்லை.

"அத்தை, நான் உள்ள வரப்போறேன். அடிக்கணும்னா அடி" என்றாள் சடைச்சி.

"உன் பிள்ளைக்கு வந்தது இதுக்கும் வந்துட்டா?"

"வரலாம், வராமலும் போகலாம். அது என் கையில இல்லை. ஆனா பசி வந்திருச்சே, அத்தை. அதுக்கு என்ன செய்யப்போறே?"

மாரக்காள் அவள் முகத்தைப் பார்த்தாள், நனைந்த சேலையைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நகர்ந்து வழிவிட்டாள். சடைச்சி வாசலைத் தாண்டினாள். அந்த ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்தி பிள்ளை பிறந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை.

குழந்தை சேலைத்துணியில் சுருண்டு கிடந்தது. அழக்கூட ஜீவன் இல்லை. மார்பில் வைத்தபோது அதற்கு உறிஞ்சத் தெரியவில்லை. சடைச்சி பாலை அதன் உதட்டில் துளித்துளியாக விட்டாள். நாக்கு அசைந்தது. கொஞ்சநேரம் பொறுத்து, மெதுவாக, எறும்பு இழுப்பதைப்போல இழுக்கத் தொடங்கியது. மாயழகு அப்படி இல்லை. ஆளையே இழுத்துவிடுகிற மாதிரிக் குடிப்பான். சடைச்சி குனிந்து இந்த முகத்தைப் பார்த்தாள், அந்த முகம் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்கு வரும்போதே தெரியும். இருந்தும் தேடினாள். தேடிக்கொண்டே அழுதாள். குழந்தை குடித்துக்கொண்டே இருந்தது. இந்தமுறை கக்கவில்லை.

மாரக்காள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தை குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்த உசிரு பொழைக்கணும்னுதான் சாமி உன் பிள்ளையை எடுத்துக்கிச்சு போல."

சடைச்சி நிமிர்ந்தாள். அழுத கண்ணில் நெருப்பு இருந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை, மடியில் குழந்தை இருந்தது.

"அப்படிச் சொல்லாத, அத்தை. இன்னொரு தடவை சொன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். எம் பிள்ளை எதுக்காகவும் சாகலை. காய்ச்சல்ல செத்தான். அவன் இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் நான் பாலு குடுத்திருப்பேன். அவன் செத்தது நல்லதுன்னு யார் சொன்னாலும், சாமியே வந்து சொன்னாலும், நான் ஒத்துக்க மாட்டேன்."

மாரக்காள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் சடைச்சி, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுத் தட்டிக்கொண்டே. "அவனுக்கு வந்த பாலை மண்ணுல ஊத்தினப்ப, எல்லாம் வீணாப் போச்சுன்னு நினைச்சேன். அந்த நெனப்புதான் என்னைக் கொன்னுச்சு. வீணாப் போகலை, அத்தை. எனக்கு அது போதும். வலி போகலை. அது இருக்கட்டும். அது இருக்கிறதாலதான் இவ அழுகுறது எனக்குச் சுவரு தாண்டிக் கேட்டுச்சு."

வளையல் போட்ட அன்று உன்னைக் கூப்பிடாமல் விட்டேனே என்று மாரக்காள் சொல்ல நினைத்தாள், சொல்ல வரவில்லை. அவளுக்கு எப்போதுமே பேச்சைவிடக் கைதான் முந்தும். எழுந்து வெளியே போனாள். தொழுவத்தில் கிடந்த ஈரச் சாணியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, ஊரே பார்க்க, யாரும் போகாத அந்த மரத்துக்கு நடந்தாள்.

சடைச்சி ஒடித்த இடத்தில் பிசின் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. மாரக்காள் சாணியை வைத்து அதை மூடினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அப்பினாள்.

"குடிச்சிருச்சா?" என்று மரம் கேட்டது.

"குடிச்சிருச்சு" என்றாள் மாரக்காள். அதற்கு மேல் முடியாமல் மரத்தைக் கட்டிக்கொண்டு, மகள் செத்ததிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதாள். மரம், சடைச்சியிடம் பழகியிருந்தபடி, ஒன்றும் பேசாமல் நின்றது.

தழை உருவிய வெறும் கிளை தரையில் கிடந்தது. அதை அங்கேயே விட்டுப்போக அவளுக்கு மனது வரவில்லை. தூக்கி வந்து தன் குடிசைக்குப் பின்னால் ஊன்றினாள். அதுவும் காயம்பட்டதுதானே என்று கையில் ஒட்டியிருந்த சாணியைத் திரட்டி அதன் தலையிலும் ஒரு உருண்டை வைத்தாள். அது துளிர்க்கும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அதுவரை எந்த மரத்தின் ஒடிந்த கிளையும் துளிர்த்ததில்லை. மாசி வெயிலில் அது துளிர்த்தது. அதற்கடுத்து வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நீளநீளமாகக் காய்த்தது. ஊரார் வந்து வந்து பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கிளையைக் கேட்டு வாங்கிப்போய்த் தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊன்றினார்கள். அதன்பிறகு அந்த ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெற்றவளுக்கு முருங்கைக்கீரை வதக்கிக் கொடுக்கச் சடைச்சியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். போகிற ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கு அவன் நினைவு வந்தது. வந்தாலும் போனாள்.

மரங்கள் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டன. முருங்கையும் நிறுத்திவிட்டது. ஆனால் சடைச்சி துரட்டியை மாட்டிய அந்த நாளிலிருந்துதான், கேட்டு வருகிறவர்களின் கை பட்டதுமே முருங்கை ஒடிந்து கொடுக்கிறது. நாமும் அதை அப்படியே விட்டுப்போக மனதில்லாமல், அதன் காயத்தில் ஒரு கை சாணியை வைத்து மூடிவிட்டு வருகிறோம்.